நான் அரைத்த கண் மை

என் படிப்பு மூணாம் வகுப்போடு நின்றது. ஆனாலும் கண் மை என்று வந்துவிட்டால் சாத்தூரிலும் சுற்றுப்பட்டிலும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணப் பெண்ணுக்கு மை வாங்க மாட்டார்கள். அப்படி ஒரு காலம் இருந்தது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஒன்பது வயதில் தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டியின் ஓரத்துக்கு மருந்து பூசப் போனவன் நான். பிறகு சைக்கிள் கேரியரில் வளையல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினேன். ஒருத்தர் தயவும் இல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், நாலு பேர் நின்று பார்க்கிற மாதிரி ஒரு ஃபேன்சி ஸ்டோர் போட்டேன். இப்படி வந்தவன் பெருமை பேசாமல் வேறு யார் பேசுவது?

இப்போது எழுதப்போகிற விஷயத்தை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. என் மகளின் வலது கண் போகப் பார்த்த கதை.

செல்போன் எங்கள் பக்கம் பரவ ஆரம்பித்த சமயம். மதுரை ரோட்டை நாலுவழிச் சாலை ஆக்குவதற்காக இரண்டு பக்கமும் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஊர் முழுக்கச் செம்மண் தூசி. என் கடையில் அப்போது நாலு விதமான மை இருந்தது. ஒன்று, டப்பா மை. என் வீட்டுக்காரி செய்வது. விளக்கெண்ணெயில் விளக்கேற்றி, மேலே வெண்கலத் தட்டைக் கவிழ்த்து, படிகிற கரியை வழித்து, அதே விளக்கெண்ணெயும் ஒரு துளி பசு நெய்யும் விட்டுக் குழைப்பாள். அடுத்தது பென்சில். அப்புறம், அடியைத் திருகினால் மேலே எழும்பி வருகிற குச்சி மை. கடைசியில் ஐ லைனர். சின்னப் பாட்டில், மூடியிலேயே பிரஷ் இருக்கும்.

கம்பெனிக்காரன் அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் நான் நம்ப மாட்டேன். அந்த அட்டைகள் சிவகாசியில் அச்சாகிறவைதானே. ஆர்டர் கொடுத்தால் எதை வேண்டுமானாலும் அச்சடித்துத் தருவார்கள். என் சோதனை வேறு மாதிரி. மணிக்கட்டில் நாலு மையையும் நாலு கோடாக இழுத்துக்கொண்டு, மதிய வெயிலில் பஸ் ஸ்டாண்டை இரண்டு சுற்றுச் சுற்றி வருவேன். பென்சில் கோடு மங்கும், ஆனால் பரவாது. குச்சி மை சித்திரை மாசத்தில் அலமாரிக்குள்ளேயே வியர்த்து இளகிவிடும். ஐ லைனர் காய்ந்துவிட்டால் தண்ணீருக்கும் அசையாது, ஆனால் சாயங்காலம் வற்றிப்போன கண்மாய் மாதிரி வெடித்துச் செதில் செதிலாக உதிரும். செதில் கண்ணுக்குள் விழுந்தால் உறுத்தும். டப்பா மை எரியாது, உறுத்தாது, ஒரு மணி நேரம் நிற்கவும் நிற்காது.

இன்னொன்றும் சொல்வேன். ஒரே டப்பாவில் அக்கா தங்கச்சி எல்லாரும் விரலை விடாதீர்கள், ஒருத்தி கண் சிவந்தால் ஒரு வாரத்துக்குள் வீடே சிவக்கும், ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். "அண்ணாச்சி யாவாரத்துல கெட்டிதான்" என்று தீப்பெட்டிக் கம்பெனிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். வியாபாரமும்தான், உண்மையும்தான். இவ்வளவு தெரிந்தவன்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

என் மகள் அப்போது பிளஸ் டூ முடித்துவிட்டுத் தபாலில் டிகிரி படித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தாள். ஒரே பிள்ளை. அவளுக்குக் கண் பெரிசு. நல்ல கறுப்பு விழி, சுற்றிலும் பால் மாதிரி வெள்ளை. புது மை எது வந்தாலும் முதலில் அவள் கண்ணில்தான் இடச் சொல்வேன். வருகிற பெண்கள் அவளைப் பார்த்துவிட்டு, "இதே மை குடுங்க" என்று வாங்கிப்போவார்கள். "என் கடைக்கு போர்டு எதுக்கு, என் மக கண்ணே போர்டுதான்" என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"பிள்ளை கண்ணை வச்சு யாவாரம் பாக்காதீக" என்பாள் என் வீட்டுக்காரி. "ஊர்க்கண்ணு பட்டுரும்."

ஊர்க்கண் பட்டிருந்தால்கூடச் சுற்றிப் போட்டிருக்கலாம்.

ஆவணி பிறந்து தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்தது. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் லோடு போய்க்கொண்டே இருக்கும். பெண்கள் கையில் காசு புழங்கும், சனிக்கிழமை கடையில் நிற்க இடம் இருக்காது. அந்த வருஷம் எனக்கு எதிர்த்தாற்போல் கண்ணாடி அலமாரியும் குழல் விளக்குமாக இன்னொருத்தன் கடை போட்டான். பென்சிலும் ஐ லைனருமாக அடுக்கினான். என் டப்பா மையைக் கேட்க ஆள் குறைந்தது. ஒரு சனிக்கிழமை, பெட்டி ஒட்டுகிற பெண் ஒருத்தி கடையில் அத்தனை பேர் நிற்கும்போது சொன்னாள்:

"அண்ணாச்சி, உங்க மையை வாங்குனா கண்ணுக்குத் தனியா, கன்னத்துக்குத் தனியான்னு வாங்க வேண்டாம். மதியத்துக்குள்ள அதுவே கன்னத்துக்கு எறங்கிருது."

எல்லாரும் சிரித்தார்கள். என் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இளகாமல் நிற்கிற, பளபளக்கிற ஒரு மையை நானே செய்து அத்தனை பேர் வாயையும் அடைக்காவிட்டால் நான் ஆள் இல்லை என்று நினைத்தேன்.

யோசனை வந்த இடம்தான் கேடு. நாட்டு மருந்துக் கடையில் ஒருமுறை அஞ்சனக்கல் என்று ஒரு கல்லைக் காட்டினார்கள். பழைய காலத்தில் பெரிய வீட்டுப் பெண்கள் அதை அரைத்துத்தான் கண்ணுக்கு எழுதினார்களாம். கறுப்பாக, ஈரம் பட்ட வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு இருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒன்பது வயதில் பெட்டி ஓரத்துக்குப் பூசிய மருந்தில் சேர்கிற ஆண்டிமணிப் பவுடரேதான் அது! எங்கள் பக்கத்துத் தீப்பெட்டி, பட்டாசுக் கம்பெனிகளில் அது இல்லாத மருந்து ரூம் கிடையாது. கல்லை விலைக்கு வாங்கி இடிப்பானேன், மூட்டையில் இடித்த தூளாகவே இருக்கிறதே என்று நினைத்தேன். வேறு ஊர்க்காரனுக்கு இந்தப் புத்தி வந்திருக்காது. மருந்து ரூம் வாசனையில் வளர்ந்தவனுக்குத்தான் வரும்.

என் வீட்டுக்காரியின் தம்பி ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கண் மைக்கு என்று சொன்னால் தரமாட்டான் என்று எனக்குத் தெரியும். அதனால், "மாப்ள, எங்க கோயில் சிலைக்குக் கண்ணு எழுதணும். கொஞ்சம் ஆண்டிமணி வேணும்" என்றேன்.

"ஸ்டாக் சரக்குல கை வைக்க முடியாது மச்சான். சிலைக்குத்தானே? பாத்துக் குடுக்கேன்" என்றான். இரண்டு நாள் கழித்து ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து கொடுத்தான்.

கல்வத்தில் போட்டு ஒரு பகல் பூராவும் அரைத்தேன். விளக்கெண்ணெய், தேன்மெழுகு, வீட்டுக்காரி வழித்து வைத்திருந்த விளக்குக் கரி எல்லாம் சேர்த்துக் குழைத்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இருந்தது. அந்தக் கட்டைவிரல் எப்படிப்பட்டது என்று யோசிக்கவில்லை. தீப்பெட்டிப் பலகையைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன தோல். அதில் ஆணியைத் தேய்த்தாலும் வெண்ணெய் மாதிரிதான் இருக்கும். மணிக்கட்டில் கோடு இழுத்துக்கொண்டு வெயிலில் சுற்றினேன். அசையவில்லை. தண்ணீர் ஊற்றினேன். அசையவில்லை. வெயில் பட்டபோது கோடு மின்னியது. அன்றைக்கு இந்த ஜில்லாவிலேயே என்னை விடப் பெரிய ஆள் கிடையாது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் மகளைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்து, என் கையாலேயே இட்டேன். கண்ணின் உள்விளிம்பில், இமைக்கு உள்பக்கம்.

"யப்பா, எரியுது."

"புது மை கொஞ்சம் எரியத்தான் செய்யும். உள்ள இருக்கிற அழுக்கெல்லாம் தண்ணியா வெளிய வரும். கண்ணு கழுவுது தாயி."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைப் பார்த்தவர்கள் எல்லாரும், "அக்கா, இது என்ன மை?" என்று கேட்டார்கள். சீசனில் விற்க டப்பா போடுவதற்கு முன்னால், வாடிக்கையாக வருகிற பெண்களுக்குச் சும்மாவே ஆளுக்கு ஒரு சின்ன டப்பா கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு ஊருக்குச் சொல்லுங்கள் என்று.

அடுத்த நாள் மகளின் வலது கண் சிவந்திருந்தது. "மெட்ராஸ் ஐ" என்றேன். அதற்கு அடுத்த நாள் இமை வீங்கியது. "ரோட்டுத் தூசி. ஊர் பூராவும் வெட்டிப் போட்டிருக்கான்ல" என்றேன். யார் கேட்டாலும் அதையேதான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜமாகப் பட்டது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். விளக்கைப் பார்க்க முடியாமல் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். இடது கண்ணுக்கு ஒன்றும் இல்லை. மெட்ராஸ் ஐ என்றால் இரண்டு கண்ணுக்கும் வர வேண்டுமே என்று உள்ளுக்குள் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது.

நாலாவது நாள் காலையில் என் வீட்டுக்காரி அவளை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய் இமையை விலக்கிப் பார்த்தாள். பார்த்தவள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. அவள் எதற்கும் சத்தம் போடுகிறவள்.

"இங்கன வாங்க" என்றாள்.

போய்ப் பார்த்தேன். கறுப்பு விழியின் நடுவில், கொஞ்சம் கீழே தள்ளி, கஞ்சித் துளி மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி.

எங்கள் ஊரில் அதற்கு ஒரு பேச்சு உண்டு. கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்கள். பூ விழுந்த கண்ணை நான் பார்த்திருக்கிறேன். பட்டாசு வெடித்து முகம் போன ஆட்களிடம், பார்வை போன கிழவிகளிடம். என் மகள் முகத்தில் அதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"யப்பா, என்ன இருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல தாயி. பீளை."

அன்றைக்கே மதுரை பஸ்ஸில் ஏறினோம். வெட்டிப்போட்ட ரோட்டில் பஸ் குதிக்கிற ஒவ்வொரு தடவையும் மகள், "ம்ம்" என்று பல்லைக் கடித்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டேன். டாக்டர் கேட்பார், என்ன போட்டீர்கள் என்று. சொன்னால் என்ன ஆகும்? சாத்தூரில் என் பெயர் என்ன ஆகும்? போர்மேன் வேலையில் இருக்கிறவனுக்கு என்ன ஆகும்? கம்பெனிச் சரக்கு வெளியே வந்தது போலீஸுக்குப் போகுமா? மகள் கண்ணைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்தில் இதையெல்லாம் யோசித்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

கண் ஆஸ்பத்திரியில் கூட்டமான கூட்டம். எங்களைப் பார்த்தது சின்ன வயசு லேடி டாக்டர். மகளை ஒரு மிஷினில் தாடையை வைக்கச் சொல்லி, நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கருவிழியில புண் ஆகியிருக்கு. கீறல் விழுந்து, அதுல கிருமி சேர்ந்திருக்கு. கண்ணுல என்னம்மா பட்டது? வெல்டிங் வேலை பாக்குறீங்களா? பட்டாசு வேலையா?"

"இல்ல டாக்டர். கடையில உக்காந்திருக்கேன்."

"ஏதாவது மருந்து போட்டீங்களா? பச்சிலை, தாய்ப்பால், மை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

மகள் தாடையை எடுக்காமலே சொன்னாள்: "மைதான் டாக்டர். எதித்த கடையில வாங்குன பென்சில்."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. எரிகிற கண்ணோடு உட்கார்ந்து, எனக்காகப் பொய் சொல்கிறாள். என் வீட்டுக்காரி என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று அந்தப் பார்வையில் இருந்தது.

டாக்டர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். பென்சில் என்றுதான் எழுதியிருப்பார். எழுதி முடித்தால் அதற்கு ஏற்ற மருந்தைத்தான் கொடுப்பார் என்று எனக்கு அந்த நிமிஷத்தில் உறைத்தது.

"அம்மா, நில்லுங்க" என்றேன். "பென்சில் இல்ல. நான் செஞ்ச மை. தீப்பெட்டிக்குப் போடுற ஆண்டிமணியை அரைச்சுக் கலந்தேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். மகள் கண்ணில் மரத்துப்போகிற சொட்டு மருந்தை விட்டு, மேல் இமையை ஒரு குச்சியால் மடித்துத் திருப்பினார். இமையின் உள்பக்கத்தை வெளியே திருப்ப முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"வந்து பாருங்க ஐயா" என்றார்.

சிவந்த சதையில், மூணு இடத்தில், கறுப்புப் பொடி குத்தி நின்றது. அந்த வெளிச்சத்திலும் மின்னியது.

"ஒவ்வொரு தடவை கண்ணை மூடித் திறக்கும்போதும் இது கருவிழியை உப்புத்தாள் மாதிரி தேச்சிருக்கு. நீங்க சொல்லலைன்னா நான் சொட்டு மருந்து எழுதிக் குடுத்து அனுப்பியிருப்பேன். இது உள்ளயே இருந்திருக்கும்." பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்து, உப்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்தார். "கண்ணுக்குன்னு சுத்தம் பண்ணினது வேற. ஃபேக்டரிக்கு வர்றது வேற. அதுல ஈயம் இருக்கும், இன்னும் என்னென்னவோ இருக்கும். அந்தக் காலத்து அஞ்சனமே ஆனாலும் இப்ப யாருக்கும் இடச் சொல்ல மாட்டோம். மை இட்டே ஆகணும்னா இமைக்கு வெளியில, முடி ஓரமா இடணும். உள்விளிம்புல எதையுமே வைக்கக் கூடாது. எரிஞ்சா உடனே கழுவணும். கண்ணு எரியுதுன்னா அது அழுக்கு வெளிய வர்றதில்ல ஐயா. வேண்டாம்னு கண்ணு சொல்றது."

"கண்ணு தெரியுமா அம்மா?"

"புண்ணைச் சுரண்டி டெஸ்டுக்கு அனுப்பணும். மணிக்கு ஒரு தடவை மருந்து விடணும். அட்மிஷன் போடுங்க. அதுக்கு மேல இப்ப என்னால எதுவும் சொல்ல முடியாது."

அந்தக் கடைசி வார்த்தையை நான் எத்தனை ராத்திரி நினைத்துப் படுத்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மகளை வார்டில் படுக்க வைத்த பிறகுதான் அடுத்த பயம் வந்து மார்பில் உட்கார்ந்தது. சும்மா கொடுத்த டப்பாக்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ரூபாய் காயின் போட்டு மச்சினனுக்குப் போன் அடித்து, எல்லாவற்றையும் சொல்லி, அவன் கொடுத்த தூள் எப்படிப்பட்டது என்று கேட்டேன்.

"மச்சான், சிலைக்குன்னுதானே கேட்டீக?"

"ஆமா."

"நான் உங்களுக்குக் குடுத்தது நல்ல தூள் இல்ல மச்சான். அது ஸ்டாக்குல வரும். உங்களுக்குச் சல்லடையில நின்ன குருணையை வழிச்சுக் குடுத்தேன். சிலைக்கு எதுக்கு நைஸ்னு நினைச்சேன். பிள்ளை கண்ணுக்குன்னு தெரிஞ்சா நான் குடுப்பேனா? ஏன் மச்சான் எங்கிட்ட பொய் சொன்னீக?"

அவன் அழுதான். அவன் தூக்கி வளர்த்த பிள்ளை அல்லவா அவள். நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் வீட்டுக்காரியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுச் சாத்தூர் திரும்பினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தீப்பெட்டிக் கம்பெனி கேட்டில் போய் நின்றேன். டப்பா வாங்கிய பெண்கள் தூக்குச் சட்டியோடு மரத்தடிக்கு வந்தார்கள்.

"அண்ணாச்சி, கம்பெனி வாசலுக்கே யாவாரத்துக்கு வந்துட்டீகளா?" என்றாள் அந்தப் பெட்டி ஒட்டுகிறவள்.

"யாவாரம் இல்ல தாயி. நான் குடுத்த மையை யாரும் இடாதீக. அது விஷம். என் மக கண்ணுல புண்ணு வந்து ஆஸ்பத்திரியில கெடக்கா. எல்லாரும் திருப்பிக் குடுத்துருங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு பேர், தங்களுக்கும் எரிந்தது, கழுவிவிட்டோம் என்றார்கள். ஒருத்தி, புதுத் துணி உடுத்தும்போது இடலாம் என்று தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்தாள். ஒருத்தி கண் கொஞ்சம் சிவந்திருந்தது. அவளை அங்கிருந்தே கண் டாக்டரிடம் அனுப்பி வைத்தேன். நல்ல வேளை, உள்ளே பொடி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் வைத்திருந்தவர்கள் சாயங்காலம் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரே ஒரு டப்பா வரவில்லை. அதை வாங்கினவள் தன் தங்கச்சிக்குக் கொடுத்தனுப்பிவிட்டாளாம். தங்கச்சி ஆமத்தூரில், பிரசவித்த பச்சை உடம்புக்காரி.

"என்னைக்கும்மா குடுத்த?"

"முந்தாநேத்து அண்ணாச்சி. பிள்ளைக்கு இடத்தான். பதினஞ்சு நாள் பிள்ளை."

விருதுநகர் போய், அங்கிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசி போகிற பஸ்ஸில் ஏறினேன். பச்சைப்பிள்ளைக்கு மை இடுவது எங்கள் பக்கத்து வழக்கம். குளிப்பாட்டினதும் கண்ணுக்கு இட்டு, கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைப்பார்கள். இமையைப் பிரித்து விரலால் அழுத்தித் தேய்ப்பார்கள். அப்போதுதான் கண் பெரிசாகும் என்று. பஸ்ஸில் நின்றுகொண்டே அந்த விரலை நினைத்தேன். என் மகளாவது எரிகிறது என்று வாய் திறந்து சொன்னாள். பிறந்து பதினைந்து நாள் ஆன பிள்ளை அழத்தான் செய்யும். பசிக்கு அழுகிறது என்று பால் கொடுப்பார்கள்.

வீட்டைக் கண்டுபிடித்து உள்ளே போனேன். குழந்தை தூளியில் கிடந்தது. கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு.

"கண்ணுக்கு இட்டீகளா? தாயி, கண்ணுக்கு இட்டீகளா?"

குழந்தையின் தாய் மிரண்டுபோய்த் தன் மாமியாரைப் பார்த்தாள். மாமியார்க்காரி, "யாருய்யா நீரு? வந்ததும் வராததுமா பச்சைப்பிள்ளை தூளிகிட்ட நின்னு சத்தம் போடுதீரு?" என்றாள்.

கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். அவள் முகம் மாறியது. "கன்னத்துக்கு மட்டுந்தான்யா வச்சோம். பதினாறாம் நாள்தான் எங்க வீட்டுல கண்ணுக்கு இடுவோம். நாளைக்கு இடுறதா இருந்துச்சு" என்றாள். உடனே ஈரத்துணியை எடுத்துக் கன்னப் பொட்டைத் துடைத்தாள். துடைத்த துணியையும் டப்பாவையும் என் கையில் திணித்தாள். "இனிமே இந்த வாசலை மிதிக்காதீரும்" என்றாள். அதைவிட நல்ல வார்த்தை அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் இருந்திருக்க முடியாது.

டப்பாக்கள் மொத்தத்தையும் மச்சினன்தான் வாங்கிக்கொண்டுபோய், கம்பெனிக் கழிவு மருந்தோடு சேர்த்துவிட்டான்.

மகள் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தாள். சிவப்பு இறங்கியது. வீக்கம் இறங்கியது. வெள்ளைப் புள்ளி சுருங்கியது. ஆனால் போகவில்லை. கடைசி நாள் பார்வை டெஸ்ட் பண்ணினார்கள். சுவரில் இங்கிலீஷ் எழுத்துப் பலகை. இடது கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கச் சொன்னார்கள். நான் சுவரோரம் நின்றேன்.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. அவள் சரியாகச் சொல்கிறாளா, தப்பாகச் சொல்கிறாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் படிக்கவில்லை என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பலகை முன்னால் நின்று, கடவுளே, எனக்கு இந்த ஒரு பலகையை மட்டும் வாசிக்கத் தெரியக் கூடாதா என்று வேண்டினேன். பலகையை விட்டுவிட்டு டாக்டர் முகத்தைப் பார்த்தேன். முதல் வரி. தலையாட்டினார். இரண்டாவது. மூணாவது. நாலாவது வரியில் மகள் நிதானித்தாள். டாக்டர் அசையவில்லை. சொல்லி முடித்தாள். தலையாட்டினார். அதற்கு அடுத்த வரியில் இரண்டு எழுத்துச் சொன்னாள்.

"அப்புறம்?"

"கலங்கலா இருக்கு டாக்டர். புகை மாதிரி."

"பரவாயில்ல. விடுங்க."

வெளியே வந்த பிறகு டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். புண் ஆறிவிட்டது, தழும்பு நின்றுவிட்டது, வெள்ளைப் புள்ளி நடு மையத்தை விட்டுத் தள்ளி இருப்பதால் பார்வை இவ்வளவு மிஞ்சியது, கொஞ்ச நாளில் இன்னும் ஒரு வரி தெளிந்தாலும் தெளியலாம். "சரியான இடத்துல உண்மையைச் சொன்னீங்க" என்றும் சொன்னார். பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். எனக்கு அது பாராட்டாகக் கேட்கவில்லை. பென்சில் என்று எழுதி முடிக்கும்வரை நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால்? இன்றைக்கும் அந்த இடத்துக்கு வந்தால் யோசனையை அங்கேயே நிறுத்திவிடுவேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். விருதுநகர் தாண்டியதும் கேட்டேன்.

"டாக்டர்கிட்ட ஏன் தாயி பென்சில்னு சொன்ன?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க பயந்து போயிருந்தீகப்பா. நான் உங்களை அப்படிப் பாத்ததே இல்ல. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு."

அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இருக்கிறார்கள். தழும்பு நூல் முனை அளவுதான், வெயிலுக்கு நேராக நின்றால் மட்டும் தெரியும். ராத்திரி வண்டி வெளிச்சம் பட்டால் வலது பக்கம் சிதறித் தெரிகிறது என்பாள். மாப்பிள்ளை வண்டி ஓட்டும்போது பின்னால் உட்கார்ந்து போவாள், அவள் ஓட்ட மாட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் இன்றும் அவளுக்கு இடது பக்கமாகத்தான் போய் உட்காருகிறேன். அது அவளுக்குத் தெரியும். அவளாகவே திரும்பி உட்கார்ந்து, அந்த வலது கண்ணால் என்னை நேராகப் பார்த்துத்தான் பேசுவாள்.